குறுக்களவு

டேப்பின் நுனி மறுபடியும் நழுவிவிட்டது. செங்கல்லை வைத்து அமுக்கிவிட்டுத்தான் வந்தேன். செங்கல் வைத்த இடத்தில் இருக்கிறது, டேப் இல்லை. ஆடிக்காற்று அடியில் புகுந்து தூக்க, விர்ரென்று ஒரு சத்தத்தோடு என் காலடிக்கே சுருண்டு வந்துவிட்டது. இடது முன் மூலையிலிருந்து வலது பின் மூலைக்கு ஒரு அளவு, வலது முன் மூலையிலிருந்து இடது பின் மூலைக்கு ஒரு அளவு. இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேர், இல்லையென்றால் எங்கேயோ கோணல். குறுக்களவு என்பது அவ்வளவுதான். ஆனால் அந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும், இந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும். நில அளவைத் துறையில் இருந்த காலம் முழுக்க மறுமுனையை நான் பிடித்ததே கிடையாது. செயின்மேன் ராயப்பன் பிடிப்பான். வேலிமுள்ளுக்குள் நுழைந்து, வாய்க்காலைத் தாண்டி, கண்ணுக்கே தெரியாத இடத்திலிருந்து "ஆச்சுங் சார்" என்று குரல் கொடுப்பான். நான் வேப்பமர நிழலில் நின்று எண்ணைப் படித்து எழுதிக்கொள்வேன். இப்போது நானே போய் நுனியை வைத்து, நானே இந்தப் பக்கம் வந்து எண்ணைப் பார்த்து, யாரும் "ஆச்சுங் சார்" என்று சொல்லாததால் நம்பிக்கை வராமல் மறுபடி அந்தப் பக்கம் போகிறேன். சுற்றிலும் காலி சைட். நட்ட கல் நட்டபடி இருக்கிறது, வீடு வரவில்லை. தாராபுரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படியொரு இடம் கிடைக்குமா என்று ஆசைப்பட்டு வாங்கினேன். மொத்தமே இரண்டு வீடுதான், ஒன்று என்னுடையது, இன்னொன்று சிவகாமியுடையது. மீதி இடமெல்லாம் காற்றுக்குப் பட்டா போட்டுக் கொடுத்ததுபோல அது பாட்டுக்கு அடித்துக்கொண்டு கிடக்கிறது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றுகின்றன. அவற்றுக்கு மட்டும் வேலை குறைவில்லை.

ஒரு வண்டிக்கு இவ்வளவு பாடா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும், ஆனால் கேட்க யாரும் இல்லை. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற இரண்டு சக்கர வண்டி. கீழே சேனல், மேலே ஆங்கிள், தரைக்குப் புள்ளித்தகடு, பழைய கார் ஒன்றின் அச்சு, ஸ்பிரிங் பட்டைகள். எல்லாம் நானே தேடி எடுத்தது, நானே அறுத்தது, நானே பற்றவைத்தது. ஓய்வுபெற்ற சர்வேயருக்கு வெல்டிங் எதற்கு என்று இரும்புக்கடைக்காரர் வாயைத் திறந்து கேட்காமல் கண்ணால் கேட்டார். "புள்ளி புள்ளியா வெச்சுட்டுப் போங் சார், ஒரே பக்கமா ஓட்டுனா இழுத்துக்கும்" என்று மட்டும் சொன்னார். நான் ஒரே பக்கமாக ஓட்டினேன். இழுத்துக்கொண்டது. போன வாரம் நேராக இருந்த சட்டம் இந்த வாரம் கோணல். இரும்பும் சொன்னால் கேட்காது, சொல்லாவிட்டாலும் கேட்காது, அதற்கு ஒரு மனசு இருக்கிறது. வீட்டுக்காரி ருக்மணி இங்கே இருந்தால் சொல்லுவாள், இரும்புக்கு மனசு இருக்குதுன்னு தெரியுது உங்களுக்கு, மனுஷிக்கு இருக்குதுன்னு... இல்லை, அப்படியெல்லாம் அவள் சொல்லமாட்டாள். நான்தான் அவள் வாயில் வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். இத்தனை மாதமாக அவள் பேசாததையெல்லாம் நானே பேசி, அதற்குப் பதிலும் நானே சொல்லி, சண்டையும் போட்டு முடித்துவிடுகிறேன். ஒரு நாளைக்கு இரண்டு சண்டையாவது நடக்கிறது. நான்தான் ஜெயிக்கிறேன், ஆனாலும் சோறு இறங்குவதில்லை.

வையாபுரி மச்சானின் பெண்டாட்டி மாசி மாதம் தவறிவிட்டாள். நல்ல மனுஷி, திடீரென்று. ருக்மணிக்கு ஒரே அண்ணன், மாடு கன்று, காலேஜுக்குப் போகிற இரண்டு பெண்கள். பத்து நாளைக்கு இருந்து பார்த்துவிட்டு வர்றேன் என்று போனாள். காங்கேயம் தாண்டி, அப்படியொன்றும் தூரமில்லை. பத்து நாள் ஆனது. துக்க வீட்டில் இருக்கிறவளை எப்போ வர்றே என்று கேட்டால் நன்றாகவா இருக்கும், அவளே வருவாள் என்று இருந்தேன். அவள் வரவில்லை. பிறகு சித்திரையில் ஒரு நாள் போன் செய்தாள். எடுத்ததும் "சாப்டீங்ளா" என்றாள். "ம்" என்றேன். அப்புறம் சொன்னாள்: "என்ற சாமானத்தையெல்லாம் ஒரு வண்டி வெச்சு அனுப்பி உடுங். தையல் மிஷினு, பீரோ, அந்த இரும்புக் கட்டலு, அண்டா. இங்க புள்ளைங்களுக்கு ஆவும்." நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. நெஞ்சில் ஏதோ ஒன்று விழுந்தது, வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது. "வண்டி எதுக்கு வாடகைக்கு, நானே ஒண்ணு செஞ்சு கொண்டாறேன்" என்றேன். எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? அதற்கு முன்னால் வண்டி செய்கிற எண்ணம் எனக்கு ஒரு நொடிகூட இருந்ததில்லை. "செரிங்" என்றாள், வைத்துவிட்டாள். அன்றைக்கு சாயங்காலமே இரும்புக்கடைக்குப் போய்விட்டேன். ஓசூரிலிருந்து மகன் கத்தினான், "ஒரு குட்டியானை லோடு வண்டி புடிச்சு அனுப்பிட்டா முடிஞ்சுது, எதுக்குப்பா இந்த வேலை." அவனுக்கு என்ன தெரியும். குட்டியானை வந்தால் ஒரு மத்தியானத்தில் வீடு காலியாகிவிடும். நானே வண்டி செய்தால் அந்த மத்தியானம் தள்ளிப்போகும் அல்லவா. இதை நான் அன்றைக்கு நினைக்கவில்லை. இன்றைக்கு, இந்தச் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கிறபோதுதான் நினைக்கிறேன்.

நீளம் ஏழடி என்றுதான் முதலில் கணக்குப் போட்டேன். கட்டிலுக்கு ஏழடி தாராளம். அப்புறம் சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போனபோது காலண்டரின் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தேன், மனையடி சாஸ்திரம், ஏழடி ஆகாது என்று போட்டிருந்தது, எட்டடி நன்மை. எத்தனை பேருடைய வீட்டை, காட்டை, கிணற்றை அளந்தவன் நான். மூலை சரியில்லை, அடி சரியில்லை என்று வந்து நிற்கிறவர்களைப் பார்த்து எத்தனை கிண்டல் செய்திருப்பேன். "உங்க காடு ஆகாத அடியில இருக்குதுங், பக்கத்துக் காட்டுக்காரன் ரெண்டடி குடுப்பானான்னு கேட்டுப் பாருங்" என்பேன். அப்படிப்பட்டவன் ஒரு டிரெய்லருக்கு மனையடி பார்த்து எட்டடி ஆக்கினேன். மனுஷன் குடியிருக்கப்போகிற வீடா அது, பீரோ ஏறி இறங்கப்போகிற வண்டி. பயம் வந்தால் படிப்பெல்லாம் எங்கே போய் ஒளியும் என்று தெரியவில்லை. எட்டடி ஆனதில் இன்னொரு வினையும் சேர்ந்தது, தகடு போதாமல் இன்னொரு துண்டு வாங்கி ஒட்டுப் போட வேண்டியதாயிற்று. அதில் ஒரு வாரம். கண்ணாடியைத் தூக்கிவிட்டு வெல்டிங் ஒளியைப் பார்த்ததில் இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்ட மாதிரி ஒரு நாள் முழுக்கக் கிடந்தேன். கண் தெளிய இன்னும் ஒரு வாரம். உருளைக்கிழங்கை வில்லையாக அறுத்துக் கண்ணில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கண்ணைத் திறக்க முடியாதவன் உருளைக்கிழங்கை எப்படி அறுப்பது? தடவித் தடவிக் கூடையிலிருந்து எடுத்தேன், எடுத்தது உருளைக்கிழங்கா சேனையா என்றுகூடத் தெரியவில்லை, அறுத்தேன், விரலையும் கொஞ்சம் அறுத்தேன், கண்ணில் வைத்துக்கொண்டு கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்தேன். மின்விசிறி சுற்றுகிற சத்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. யாராவது வந்து நெற்றியில் கை வைத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். பிறகு வெட்கப்படுவதைப் பார்க்கவும் யாரும் இல்லை என்று ஞாபகம் வந்து கொஞ்சம் அழுதேன். உருளைக்கிழங்கு வில்லைக்கு அடியில் அழுதால் கண்ணீர் காதுக்குள் போகிறது.

"ஏனுங்ண்ணா, மோர் கொண்டாந்தனுங்." சிவகாமி. வேலியோரம் சொம்போடு நிற்கிறாள். அவள் வீட்டுக்காரர் காலையிலேயே திருப்பூருக்குப் போய்விடுவார், இந்தப் பெரிய பொட்டலில் பகல் முழுக்க அவளும் நானும் அவரவர் சத்தத்தைப் போட்டுக்கொண்டு இருப்போம், அவள் வீட்டில் டிவி, என் வீட்டில் கிரைண்டர். மோரை வாங்கிக் குடித்தேன். பெருங்காயம் தூக்கல். சொம்பைக் கொடுத்துவிட்டு, "சித்த நேரம் இந்த நுனியைப் புடிக்கறியாம்மா" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு என்னவோ போல இருந்தது. அவள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்தாள். "இங்கயாங்ண்ணா?" "அதில்ல, மூலைக்கு வெளியோரம். அந்த முனைல வெச்சு அமுக்கிக்க." "இப்பங்?" "அப்படியே, ஆடாத." எண்ணைப் படித்தேன். மறுபக்கம் மாற்றிப் பிடிக்கச் சொல்லி அதையும் படித்தேன். நான் ஒற்றை ஆளாக ஓடி ஓடிப் பார்த்தது சரிதான், ஒரு விரற்கடை தள்ளுகிறது. "செரியா இருக்குதுங்ளா?" என்றாள். "ஒரு விரக்கடை கோணல்" என்றேன். "ஒரு விரக்கடைதானுங்ளே, அதுல என்னங் வந்துரப்போவுது, சாமானம் ஏத்தறதுதான." ஒரு விரற்கடைக்காகக் கோர்ட்டுக்குப் போய்ச் சொத்தை அழித்த அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும். அவள் டேப்பை விடாமல் நின்றுகொண்டே கேட்டாள், கேட்பாள் என்று எனக்குத் தெரியும், எல்லாரும் கேட்கிறார்கள்: "அக்கா எப்பங் வருது?" முன்பெல்லாம் மாடு கன்று போட்டதும் வருவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கன்று போட்டாகிவிட்டது, இரண்டு மாடும். "ஆடி முடியட்டும்" என்றேன். "நேத்து எனக்குப் போன் போட்டுச்சுங். வண்டி எந்த மட்டுக்கு இருக்குதுன்னு கேட்டுச்சு. சக்கரம் மாட்டியாச்சு, இனித் தகடு அடிச்சா முடிஞ்சுதுக்கான்னு சொன்னனுங். ஒண்ணுமே பேசுலீங், வெச்சுருச்சு." "ஒண்ணுமே சொல்லலையா?" "இல்லீங்ண்ணா. மூச்சு உடற சத்தந்தான் கேட்டுது." அவள் டேப்பை விட்டாள், அது ஓடி வந்து என் கையில் அடித்தது. சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூச்சு விடுகிற சத்தம். அலுப்பா அது? இவ்வளவு நாளாகியும் ஒரு வண்டி செய்து முடிக்க முடியவில்லையா இந்த ஆளுக்கு என்கிற அலுப்பாகத்தான் இருக்கும். சாமான் இல்லாமல் அங்கே சிரமப்படுகிறாள்போல. தையல் மிஷின் இருந்தால் ரவிக்கை தைத்துக் கொடுத்தாவது நாலு பேரோடு பழக்கம் ஆகும், அங்கேயே வேர் பிடித்துவிடும். அண்ணன் வீடு பெரிய வீடு, வாசலில் பேச்சு இருக்கும், பெண் பிள்ளைகள் அத்தை அத்தை என்று சுற்றும். இங்கே என்ன இருக்கிறது? நான் இருக்கிறேன். காலையில் காபி குடித்துப் பேப்பர் படித்து, மத்தியானம் சாப்பிட்டு, சாயங்காலம் நடந்து, ராத்திரி செய்தி பார்க்கிறவன். "இன்னிக்கு நல்லா இருக்குது" என்று குழம்பைப் பற்றி நான் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா என்று யோசித்தால், இரண்டாம் தரம் ஊற்றச் சொல்லியிருக்கிறேன், அது சொன்ன மாதிரிதானே. அவளுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்தேன். முப்பதாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேனே, அன்றைக்கும் அப்படித்தான், பந்தி முடிந்து ஆளாளுக்குக் கிளம்ப, நானும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். அவள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஈரக்கை, பாத்திரம் கழுவிய கை. அவள் ஏறிக்கொள்வாள் என்று பக்கத்து சீட்டில் கிடந்த துண்டைக்கூட எடுத்து என் மடியில் போட்டுக்கொண்டேன். அவள் ஏறவில்லை. "மாடு ரெண்டும் கன்னு போடற நேரமுங்" என்றாள். அப்படியென்றால் என்ன? வரமுடியாது என்பதா, வரட்டுமா என்பதா? எத்தனை தடவை அந்த வாக்கியத்தை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டேன். அதில் மாடு இருக்கிறது, கன்று இருக்கிறது, அவள் எங்கே இருக்கிறாள் என்று மட்டும் தெரியவில்லை. "அப்ப இருந்து பாத்துட்டே வா" என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். அவள் கையை எடுத்தாள். கண்ணாடியில் பார்த்தேன், வாசலிலேயே நின்றாள், திருப்பம் வரைக்கும் நின்றாள். போகிறவனைத் திருப்பம் வரைக்கும் நின்று பார்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான், அதில் ஒன்றும் இல்லை. இல்லை என்றுதான் அன்றைக்கு வெள்ளகோவில் ரோடு வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

சரி, கோணலைப் பார்ப்போம். நீளமாக இருக்கிற குறுக்கைச் சுருக்க வேண்டும். கிரைண்டரில் அறுப்பு வில்லையை மாட்டி இரண்டு மூலையில் பற்றவைத்ததை அறுத்தேன், பொறி பறந்து புறங்கையில் விழுந்தது, இப்போதெல்லாம் அது சுடுவதுகூட இல்லை. நீளக் குறுக்கில் கயிற்றை இரட்டையாகக் கட்டி, நடுவில் ஒரு கடப்பாரைத் துண்டைச் செருகி முறுக்கினேன். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கயிறு முனகியது, சட்டம் அசைகிறதா என்று தெரியவில்லை, ஆனால் அசையும், மெதுவாக அசையும். முறுக்க முறுக்க ஒன்று புரிந்தது. இந்தக் கோணலைக் கண்டபோது எனக்கு எரிச்சல் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அப்பாடா, இன்னும் பத்து நாள். உண்மையைச் சொன்னால் போன மாதம் அச்சு மாட்டும்போதும் அப்படித்தான், இரண்டு பக்கமும் ஒரே உயரம் இல்லை என்று கழற்றி மாட்டினேன், யாருக்கும் தெரியாத வித்தியாசம் அது. அதற்கு முன்னால் கொக்கி. வண்டி முடியக்கூடாது என்று எனக்குள் ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கிறான். முடிந்தால் என்ன ஆகும்? சாமானை ஏற்ற வேண்டும். பீரோவை நகர்த்தினால் அதன் அடியில் பழைய தரை பளபளவென்று தெரியும், நாங்கள் குடிவந்தபோது இருந்த நிறத்தில். கட்டில் இருந்த இடத்தில் நான்கு கால் தடம். தையல் மிஷின் ஜன்னலோரம், அதன் கீழே இன்னும் நூல் துண்டுகள் கிடக்கின்றன, நான் பெருக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பெருக்குகிறேன். எல்லாவற்றையும் கட்டி, தார்ப்பாய் போட்டு, நானே ஓட்டிக்கொண்டுபோய், மச்சான் வாசலில் நிறுத்தி, நானே இறக்கிக் கொடுத்து, அவர்கள் கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு, காலி வண்டி தடதடவென்று பின்னால் குதிக்கத் திரும்பி வரவேண்டும். பாரம் இல்லாத வண்டிதான் அதிகம் சத்தம் போடும். இந்த வீட்டுக்குள் வந்து விளக்கைப் போட வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. அறுபத்திரண்டு வயதில், கையில் கடப்பாரையோடு, பட்டப்பகலில் பயமாக இருக்கிறது. செத்துப்போவதற்குப் பயமில்லை. இப்படியே உயிரோடு இருப்பதற்குத்தான் பயம். கடப்பாரையை ஒரு கல்லில் முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, செங்கல் வைத்து மறுபடி அளந்தேன். இந்தத் தடவை டேப் நழுவவில்லை. இந்தக் குறுக்கு, அந்தக் குறுக்கு. ஒன்று. இரண்டும் ஒன்று. நூல் அளவு வித்தியாசம் இல்லை. இனிமேல் சொல்ல ஒரு சாக்கும் இல்லை.

வெல்டிங் புள்ளி வைக்க ராடை ஹோல்டரில் செருகியபோது போன் அடித்தது. ஜீப் பானெட்டின் மேல் வைத்திருந்தேன், தகரத்தில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. ருக்மணி. அவளாக எனக்குப் போன் போட்டு எத்தனை நாள் ஆயிற்று. கையுறையைக் கழற்றினேன், ஒரு விரல் சிக்கிக்கொண்டது, பல்லால் இழுத்தேன். நின்றுவிடுமோ என்று பதறினேன். நிற்கவில்லை.

"ம்" என்றேன்.

"வண்டி முடிஞ்சுதுங்ளா?"

முடிந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். "இல்ல. குறுக்களவு ஒரு விரக்கடை தள்ளுது" என்றேன். என் வாழ்க்கையில் அளவில் நான் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை. எத்தனையோ பேர் எத்தனையோ கொடுத்துப் பார்த்தும் சொல்லாத பொய்.

அந்தப் பக்கம் மாடு ஒன்று கத்தியது. பிறகு அவள் குரல், மெதுவாக. "இன்னும் எத்தனை நாளைக்குங் அதையே செஞ்சுட்டு இருப்பீங்?"

"நீதான சாமான் கேட்ட."

"கேட்டனுங். கேட்டன்." மூச்சு. "சாமானத்தை அனுப்புன்னு பொண்டாட்டி சொன்னா, ஒலகத்துல எந்த ஆம்பளையாச்சும் வண்டி செய்ய உக்காருவானுங்ளா? என்னடி சாமானம், நீ எந்திரிச்சுக் கெளம்புடின்னு வந்து நிப்பானுங். பஸ்ஸு இல்லீங்ளா, ஜீப்பு இல்லீங்ளா உங்ககிட்ட? இங்க வர்றவங்க போறவங்க எல்லாம் கேக்கறாங், உங்கூட்டுக்காரரு எப்ப வந்து கூட்டிட்டுப் போவாருன்னு. வண்டி செய்யறாருங்கறன். சிரிக்கறாங். நானும் சேந்து சிரிக்கறன். கூப்புடாம நானா எப்படிங் வருவன்? அண்ணன் ஊட்டுல எல்லாரும் பாத்துட்டு இருக்கறப்ப, கூப்புட ஆளில்லாதவ மாதர பையைத் தூக்கிட்டு நானா வந்து எறங்கறதுங்ளா?" அழுகிறாளா கோபப்படுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான். "நாளைக்கு வருவாரு, நாளைக்கு வருவாருன்னு பாத்தன். சக்கரம் மாட்டியாச்சுன்னு சிவகாமி சொல்றா. சக்கரம்!"

ராயப்பன் எங்கேயோ முள்ளுக்குள்ளே நின்று அரைமணி நேரமாகச் சத்தம் போட்டுக்கொண்டே இருக்க, எனக்குக் காற்றில் ஒன்றும் கேட்காமல் நான் பாட்டுக்கு நிழலில் நின்றிருந்த நாள் ஒன்று உண்டு. அந்த மாதிரி நின்றேன். "ருக்கு" என்றேன். அதற்கு மேல் என்ன என்று தேடினேன். தேடியது அவளுக்குக் கேட்டிருக்கும்.

"போன்ல வேண்டாமுங்" என்றாள். "போன்ல கூப்புட்டா நான் வரமாட்டன். வந்து கூப்புடுங். எல்லாரும் இருக்கறப்ப, வாசல்ல வந்து நின்னு கூப்புடுங். வர்றனா இல்லையான்னு அப்பறஞ் சொல்றன்." வைத்துவிட்டாள்.

வர்றனா இல்லையான்னு. அதையும் சொல்லிவிட்டுத்தான் வைத்தாள். வராமலும் போகலாம். அங்கே எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நான் போய் நின்று கூப்பிட்டு, அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடலாம், அதற்கு அவளுக்குப் பாத்தியதை உண்டு. இத்தனை நாள் அவளை அங்கே அப்படித்தானே நிற்க வைத்திருக்கிறேன். மெயினை அணைத்தேன். ஹோல்டரைக் கீழே போட்டேன். குளிக்க வேண்டும், சட்டை மாற்ற வேண்டும், கை முழுக்க கசடும் துருவும், ஆனால் உள்ளே போனால் நான் உட்கார்ந்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும், உட்கார்ந்தால் நாளைக்கு என்று ஆகிவிடும், நாளைக்கு நல்ல நேரம் பார்க்க மனசு காலண்டரைத் திருப்பச் சொல்லும். கயிறு முறுக்கின வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஜீப்பில் ஏறினேன். மூன்று தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. சிவகாமி டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள், எங்கே என்று கேட்கவில்லை, அவளுக்கும் ருக்மணி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும், அல்லது என் முகத்தில் எழுதியிருந்ததோ என்னவோ.

மெயின் ரோட்டுக்கு வரும் முன்னால் ஒத்திகை பார்த்தேன். கெளம்பு. அது அதட்டுகிற மாதிரி இருக்கிறது. போலாமா. அது கேள்வி, கேள்வி கேட்டால் பதில் எதுவும் வரலாம். ஊட்டுக்கு வா. அதுதான் சரி. மனசுக்குள் சொல்லும்போது சுலபமாக இருந்தது, உதட்டுக்கு வந்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது, முப்பத்தைந்து வருடத்தில் ஒரு தடவையும் சொல்லாத வார்த்தை அது, கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவளாக வந்துகொண்டிருந்தாள், நான் கூப்பிடத் தேவையே வரவில்லை. முணுமுணுத்துப் பார்த்தேன். ஜீப் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக. எதிர்க்காற்று வாய்க்குள் புகுந்தது. பஸ் ஒன்று போவதற்காக ரோட்டு முனையில் நிறுத்தியபோது, வாசலில் மச்சான், அந்தப் பெண்கள், தெருவில் நாலு பேர், நடுவில் ஈரக்கையோடு அவள் என்று எல்லாரையும் நிறுத்திவைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "வா, ஊட்டுக்கு வா" என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் டிவிஎஸ்ஸில் தீவனமூட்டை வைத்துக்கொண்டு நின்றிருந்த ஒரு ஆள் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"என்னுங், என்னையவா கூப்புட்டீங்?"

"உங்களையில்லீங்" என்றேன். "ஊட்டுக்காரியைக் கூப்புடறனுங்."

அவர் பக்கத்து சீட்டைப் பார்த்தார். காலியாக இருந்தது. என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, தலையை ஆட்டினார். "இன்னும் சித்த சத்தமாக் கூப்புடுங்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். பஸ் போய்விட்டது. நான் கியரைப் போட்டேன்.